விம்மா, ஈமாக்ஸா, எளிய எடிட்டரா? பெங்களூரு வந்து நிரல் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து, மடிவாளாவிலும் பி.டி.எம். லேஅவுட்டிலும் பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) எடுத்துத் தங்கி, பைத்தானோ ஜாவாவோ கற்றுக்கொண்டு வேலை தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓசூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி தாண்டி வந்து போகிறவர்களுக்கும் பொருந்தும். வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும்: நிரலை எதில் அடிப்பது, அதாவது எந்த எடிட்டரில் (நிரல் எழுதும் மென்பொருளில்)? விம்மும் ஈமாக்ஸும் நெடுங்காலமாக இருக்கும் இரண்டு எடிட்டர்கள். அறைத்தோழர் "விம் தெரியாதவன் எல்லாம் புரோகிராமரா?" என்பார். பயிற்சி மையத்தில் பெரிய ஐடிஇ (எழுத, ஓட்ட, பிழை தேட எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மென்பொருள்) ஒன்றைப் போடச் சொல்வார்கள். பழைய லேப்டாப்பில் அது திறப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டே வரலாம். யூடியூபில் ஒருவர் ஈமாக்ஸுக்குள்ளேயே மின்னஞ்சல் படித்துக் காட்டுவார். எனக்கு இந்த மூன்று அறிவுரையும் கிடைத்தன, மூன்றோடும் மல்லுக்கட்டியும் பார்த்தாயிற்று.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழியையும் எடிட்டரையும் ஒரே சமயத்தில் கற்க வேண்டாம். ஃபார் லூப்பே பிடிபடாத நாளில் விம்மின் கட்டளைகளையும் சேர்த்துப் பழகுவது, சில்க் போர்டு நெரிசலில் கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிற மாதிரி. எளிய சூழலில் தொடங்குங்கள். சர்வரில் மாட்டிக்கொள்ளாத அளவுக்கு விம்மைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விம், ஈமாக்ஸ் போன்ற பெரிய எடிட்டருக்குள் முழுதாகக் குடிபுகுவதை, செய்யப்போகும் வேலை கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இனி ஒவ்வொன்றாக.

1. லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தால் ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். உங்கள் தேர்வில் பாதியை அந்த எண்ணே முடிவு செய்துவிடும்.

4 ஜிபி என்றால் இன்டெல்லிஜே, பைசார்ம் மாதிரிப் பெரிய ஐடிஇக்களை மறந்துவிடுங்கள். தானி, ஐடில், ஜீனி, நோட்பேட் பிளஸ் பிளஸ், விம், ஈமாக்ஸ் போன்ற இலகுவான எடிட்டர்கள் எல்லாம் நன்றாக ஓடும். வி.எஸ். கோட் (மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டர்) ஓடும், ஆனால் பக்கத்தில் குரோமில் பத்து டேப் திறந்தால் திணறும். 8 ஜிபி இருந்தால் வி.எஸ். கோட் தாராளம், பைசார்ம் சமாளிக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு 8 ஜிபி குறைந்தபட்சம், எமுலேட்டரோடு (கணினித் திரையில் ஓடும் போலி போன்) ஓட்ட 16 இருந்தால்தான் நிம்மதி.

ரேம் கூட்டலாம் என்று தோன்றினால் கணினிப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுதான். எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் இருப்பவர்கள் மெட்ரோ மஞ்சள் தடத்தில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கினால் நடக்கும் தூரம். போவதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் மாடலில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டதா கழற்றக்கூடியதா, ரேமின் வகை டிடிஆர்4 ஆ 5 ஆ, அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும். மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் மூன்றும் கிடைத்துவிடும். ரேம் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் நான் ஒரு தொகையை எழுதி வைப்பதில் பயனில்லை. இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். (எஷ்டு என்று கன்னடத்தில் தொடங்கினாலும் பல கடைகளில் தமிழிலேயே பேரம் முடியும்.) ஜிஎஸ்டி பில்லில் ரேமின் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள். அது இல்லாவிட்டால் உத்தரவாதம் என்பது வெறும் வாய்ப்பேச்சு.

பழைய லேப்டாப்பே அங்கு வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அவற்றில் பல, கம்பெனிகள் கழித்துவிட்ட இயந்திரங்கள். கடையிலேயே ஆன் செய்து, பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) கடவுச்சொல் கேட்காமல் போக முடிகிறதா, விண்டோஸைப் புதிதாக அமைக்கும்போது ஏதாவது கம்பெனியின் பெயரைக் காட்டி உள்நுழையச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத இயந்திரம் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். அதில் விம் பழகுவதும் சுலபம்.

2. எந்த வேலைக்குப் படிக்கிறீர்கள்?

எடிட்டர் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி இது. டேட்டா பக்கம் போகிறவர் ஜூபிடர் நோட்புக்கிலும் வி.எஸ். கோடிலும் இருப்பார். ஜாவா ஆட்டோமேஷன் டெஸ்டிங் என்றால் எக்லிப்ஸ் அல்லது இன்டெல்லிஜே. ஆண்ட்ராய்டு என்றால் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, அதில் விவாதத்துக்கே இடமில்லை. டெவ்ஆப்ஸ், சிஸ்டம் அட்மின் (சர்வர்களைப் பராமரிக்கும் வேலைகள்) என்றால் விம் தெரியாமல் ஒரு நாளும் போகாது.

வி.எல்.எஸ்.ஐ. தனி உலகம். சிப் வடிவமைப்பு வேலைகளில் நீங்கள் உட்காருவது பெரும்பாலும் தூரத்தில் இருக்கும் லினக்ஸ் சர்வரின் திரையில். அங்கே ஜிவிம்மும் ஈமாக்ஸும்தான் பழகிய முகங்கள். ஈமாக்ஸோடு வரும் வெரிலாக் மோடில் (வெரிலாக் என்பது சிப்பை விவரிக்கும் மொழி) ஒரு மாட்யூலின் போர்ட் இணைப்புகளைத் தானே நிரப்பும் வசதி இருக்கிறது. நூற்றுக்கணக்கான போர்ட்டுகளைக் கையால் அடித்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். அந்தத் துறைக்குப் போகிறீர்கள் என்றால் கீழே ஆறாவது பகுதியைச் சீக்கிரமே படியுங்கள்.

3. முதல் மாதம்: தானி

எந்த வேலைக்கு என்று இன்னும் முடிவாகவில்லை, பைத்தானில் தொடங்குகிறேன் என்பவருக்கு என் பரிந்துரை தானி. எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முக்கியமாக, விண்டோஸுக்கான தானியோடு பைத்தானும் சேர்ந்தே வருகிறது. தனியாகப் பைத்தான் போட்டு, பாத் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் கோப்புறைப் பட்டியல்) சரிசெய்து, அது வேலை செய்யாமல் இரவு பதினொரு மணிக்கு நண்பனை எழுப்பும் கட்டமே இல்லை.

நிறுவியதும் இதைச் செய்யுங்கள். வியூ மெனுவில் வேரியபிள்ஸ் என்பதைத் தேர்ந்தால் வலப்பக்கம் ஒரு கட்டம் வரும். நாலு வரி நிரல் அடித்து, சேமித்து, எஃப்5 அழுத்துங்கள், ஓடும். அதே நிரலை இப்போது கண்ட்ரோலும் எஃப்5-உம் சேர்த்து அழுத்தி டீபக் (பிழை தேடும்) நிலையில் ஓட்டி, எஃப்7-ஐத் தட்டித் தட்டி நகருங்கள். ஒரு வரிக்குள் எந்தக் கணக்கு முதலில் நடக்கிறது, அதன் விடை எங்கே போய் உட்காருகிறது, எந்த மாறியின் மதிப்பு எப்போது மாறுகிறது என்பதெல்லாம் கண்ணெதிரே நடக்கும். ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) புரியவில்லை என்று திணறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபேக்டோரியல் நிரலை ஒரு முறை இப்படி நகர்த்திப் பார்த்தால், ஒவ்வொரு அழைப்புக்கும் தனி ஜன்னல் திறந்து மூடுவது தெரியும். கரும்பலகையில் ஒரு மணி நேரம் படம் போட்டுச் சொன்னாலும் அந்தத் தெளிவு வராது.

வெளி நூலகங்கள் வேண்டுமானால் டூல்ஸ் மெனுவில் மேனேஜ் பேக்கேஜஸ் என்று இருக்கிறது. கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் தொட வேண்டியதில்லை.

பைத்தானோடு வரும் ஐடிலும் மோசமில்லை, ஆனால் மாறிகளை இவ்வளவு அழகாகக் காட்டாது. உபுண்டுவில் ஐடில் தானாக வராது, தனிப் பொதியாக நிறுவ வேண்டும்.

ஜாவா என்றால் புளூஜே. சி என்றால் கோட் பிளாக்ஸ், அதில் ஒரு பொறி உண்டு: தரவிறக்கப் பக்கத்தில் பல கோப்புகள் இருக்கும், பெயரில் மிங்டபிள்யூ என்று இருப்பதை எடுத்தால்தான் கம்பைலரும் சேர்ந்து வரும். மற்றதை எடுத்தால் அழகான ஜன்னல் திறக்கும், நிரல் மட்டும் ஓடாது. கல்லூரியில் பழகிய டர்போ சி பிளஸ் பிளஸ்ஸை டாஸ்பாக்ஸில் ஓட்டும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு எல்லையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இன்றைய கம்பைலர்கள் ஏற்காத பழக்கங்களை அது கற்றுக்கொடுத்துவிடும்.

முதல் மாதத்தில் எல்லோரும் விழும் சில குழிகள்:

கோப்புக்கு ரேண்டம், டர்ட்டில் என்று பெயர் வைக்காதீர்கள். பைத்தானில் அந்தப் பெயர்களில் ஏற்கெனவே மாட்யூல்கள் உண்டு. இம்போர்ட் செய்யும்போது உங்கள் கோப்பையே போய் எடுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத பிழையைக் காட்டும்.

நோட்பேடில் எழுதிச் சேமித்தால் புள்ளி பிஒய்-க்குப் பின்னால் புள்ளி டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்தக் கடைசிப் பகுதியை மறைத்தே காட்டுவதால் கண்ணில் படாது. எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் கோப்பு நீட்டிப்புகளைக் காட்டச் சொல்லிவிடுங்கள்.

பழைய வழிகாட்டிகளில் ஆட்டம் எடிட்டரைப் பரிந்துரைத்திருப்பார்கள். அதை 2022 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். தேட வேண்டாம்.

4. வி.எஸ். கோடுக்கு எப்போது மாறுவது?

உங்கள் நிரல் ஒரே கோப்பில் அடங்காமல் மூன்று நான்கு கோப்பாகப் பிரியும்போது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பயன்படுத்தத் தொடங்கும்போது. அதற்கு முன் மாறினால் லாபமில்லை.

முதலில் பெயர்க் குழப்பம். விஷுவல் ஸ்டூடியோ வேறு, விஷுவல் ஸ்டூடியோ கோட் வேறு. முன்னது சி ஷார்ப், சி பிளஸ் பிளஸ் வேலைகளுக்கான, பல ஜிபி இடம் கேட்கும் பெரிய ஐடிஇ. பின்னது எடிட்டர். இரண்டும் மைக்ரோசாஃப்டுடையவை என்பதால் பி.ஜி. வைஃபையில் ராத்திரி முழுக்கத் தவறானதை இறக்கியவர்கள் நிறைய.

அடுத்து, வி.எஸ். கோடுக்குள் பைத்தானும் இல்லை, கம்பைலரும் இல்லை. பைத்தான் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதிப் பொதி) போட்டாலும் பைத்தான் வராது. பைத்தான் தளத்திலிருந்து தனியாக நிறுவ வேண்டும். தனி இன்ஸ்டாலரை எடுத்தால், நிறுவும் முதல் திரையின் அடியில், பாத்தில் சேர்க்கட்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் அடுத்த திரைக்குப் போகாதீர்கள். விட்டுவிட்டால் கமாண்ட் பிராம்ப்டில் பைத்தான் என்று அடிக்கும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்து பல்லிளிக்கும்.

திறக்கும்போது கோப்பைத் திறக்காதீர்கள், கோப்புறையைத் திறங்கள். பைத்தான் ஒன்றுக்கு மேல் இருந்தால் எதை எடுக்கிறது என்று கீழ் வலது மூலையில் தெரியும். நூலகத்தை நிறுவிய பின்னும் இல்லை என்று சொன்னால் முதலில் அங்கே பாருங்கள். ஃபைல் மெனுவில் ஆட்டோ சேவ் போட்டுவிடுங்கள். டேபில் வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் சேமிக்கவில்லை என்று பொருள். திருத்திய நிரல் பழைய விடையையே தருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் இரவுகளில் பாதிக்கு அந்தப் புள்ளிதான் காரணம்.

எக்ஸ்டென்ஷன் கடையில் கண்டதை எல்லாம் போட வேண்டாம். பைத்தான் ஒன்று போதும், அதிகம் போனால் இன்னும் இரண்டு. கற்கும் காலத்தில், கோபைலட் என்ற ஏ.ஐ. உதவியின் தானாக நிரப்பும் வசதியை நிறுத்தி வையுங்கள், கீழ்ப்பட்டையில் உள்ள அதன் சின்னத்தைத் தட்டினால் அணைக்கலாம். அது தப்பு என்று சொல்லவில்லை. நீங்கள் யோசிக்கும் முன்பே விடை சாம்பல் நிறத்தில் வந்து நின்றால் யோசிக்கும் பழக்கமே வராது, அவ்வளவுதான்.

5. விம்: மாட்டிக்கொள்ளாத அளவுக்கு

இதை யாரும் தவிர்க்க முடியாது. வேலையில் சேர்ந்த பின் ஒரு நாள் சர்வரில் ஒரு கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றச் சொல்வார்கள். அங்கே வி.எஸ். கோட் இருக்காது, எதையும் நிறுவவும் விடமாட்டார்கள். லினக்ஸ் சர்வர்களில் வி.ஐ. அல்லது விம் ஏறக்குறைய எப்போதும் இருக்கும். ஆகவே இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

விம் திறந்ததும் நீங்கள் அடிப்பது எழுத்தாக விழாது, கட்டளையாகப் போகும். எழுத வேண்டுமானால் ஐ அழுத்துங்கள். அடியில் இன்செர்ட் என்று காட்டும். எழுதி முடித்ததும் எஸ்கேப். சேமித்து வெளியேற கோலன், டபிள்யூ, க்யூ அடித்து என்டர். எல்லாம் குழம்பிவிட்டது, செய்த மாற்றம் எதுவும் வேண்டாம், தப்பித்தால் போதும் என்றால் எஸ்கேப், பிறகு கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். செய்ததைத் திரும்பப் பெற யு. ஒரு வரியை நீக்க டி (d) இரண்டு முறை. தேட சாய்கோடு போட்டுச் சொல்லை அடித்து என்டர். அடுத்த இடத்துக்கு என் (n). இவ்வளவுதான். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை: விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற கேள்வியின் மூலம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உதவியிருக்கிறோம் என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே 2017-இல் சொன்னது.

இனி, கட்டளைப் பட்டியல்களில் பெரும்பாலும் இல்லாத பொறிகள்.

விண்டோஸ் பழக்கத்தில் சேமிப்பதற்காகக் கண்ட்ரோல் எஸ் அழுத்துவீர்கள். டெர்மினல் அப்படியே உறைந்துவிடலாம். விம் செத்துவிட்டது என்று ஜன்னலை மூடாதீர்கள். கண்ட்ரோல் க்யூ அழுத்தினால் உயிர் வரும். அதேபோல் கண்ட்ரோல் இசட் அழுத்தினால் விம் பின்னணிக்குப் போய்விடும். எஃப், ஜி இரண்டையும் அடித்து என்டர் தட்டினால் திரும்பி வரும்.

கேப்ஸ் லாக் போட்டிருந்தால் கட்டளைகளின் பொருளே மாறும். சிறிய ஜே கீழே இறங்கும்; பெரிய ஜே கீழ்வரியை மேல்வரியோடு ஒட்டிவிடும். கோப்பு கோணலாகத் தொடங்கினால் முதலில் அந்த விளக்கைப் பாருங்கள், பிறகு யு-வைத் தட்டுங்கள்.

இணைப்பு அறுவது. பி.ஜி.யில் மின்சாரம் போய், வைஃபையும் போய், சர்வரில் திறந்திருந்த விம் நடுவில் நின்றுவிடும். மறுபடி அதே கோப்பைத் திறந்தால், ஏற்கெனவே ஸ்வாப் கோப்பு (விம் தானே வைக்கும் தற்காலிகப் பிரதி) ஒன்று இருக்கிறது என்று ஒரு பெரிய எச்சரிக்கை வரும். பயந்து அதை அழித்துவிடாதீர்கள். அதே கோப்பை வேறு யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஆர் என்று பதில் சொன்னால் விட்ட இடம்வரை பெரும்பாலும் மீளும். சரிபார்த்து, சேமித்து, வெளியேறிய பிறகு மீண்டும் திறந்து, அப்போது டி (D) சொல்லி ஸ்வாப்பை நீக்குங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் சர்வரில் டிமக்ஸ் தொடங்கி அதற்குள் விம்மைத் திறங்கள். இணைப்பு போனாலும் உள்ளே எல்லாம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

கிட். விண்டோஸில் கிட் நிறுவும்போது எந்த எடிட்டர் வேண்டும் என்று ஒரு திரை கேட்கும், விம் முதலிலேயே தேர்வாகி இருக்கும். அடுத்து அடுத்து என்று தட்டிக்கொண்டே போனவர்கள் முதல் கமிட்டிலேயே (மாற்றத்தைப் பதியும்போதே) விம்முக்குள் விழுவார்கள். அந்தத் திரையில் உங்களுக்குப் பழகியதை மாற்றிக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டீர்களா? ஐ, ஒரு வரிக் குறிப்பு, எஸ்கேப், கோலன் டபிள்யூ க்யூ.

பழக விம்டியூட்டர் போதும். டெர்மினலில் அந்தப் பெயரை அடித்தால் பாடம் ஒன்று திறக்கும், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். உபுண்டுவில் முதலில் இருப்பது சுருக்கிய விம் என்பதால், முழு விம்மை நிறுவிய பின் அடியுங்கள். விண்டோஸ்காரர்கள் டபிள்யூ.எஸ்.எல். (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டு அதற்குள் லினக்ஸாகவே பழகலாம்.

உபுண்டுவில் நானோவும் இருக்கும். அடியிலேயே கட்டளைகளைக் காட்டிக்கொண்டிருப்பதால் சுலபம்; கண்ட்ரோல் ஓ சேமிக்க, கண்ட்ரோல் எக்ஸ் வெளியேற. இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். கிண்டல் செய்கிறவர் செய்யட்டும். டாக்கர் கன்டெய்னர் (ஒரு நிரலை ஓட்டத் தனியாகப் பொதிந்த சிறு சூழல்) பலவற்றில் வி.ஐ.யும் இருக்காது, நானோவும் இருக்காது. அங்கே கோப்பை வெளியில் திருத்தி உள்ளே அனுப்புவதுதான் வழி.

6. முழுதாகக் குடிபுகுவது

மேலே சொன்ன வி.எல்.எஸ்.ஐ., டெவ்ஆப்ஸ், லினக்ஸ் கெர்னல், எம்பெடட் வேலைகள் என்றால் புகுங்கள். கையை மவுஸுக்குக் கொண்டுபோவதே எரிச்சலாக இருக்கிறவர்களும் புகலாம். மற்றவர்களுக்கு அவசரமில்லை.

விம் பக்கம் சாய்கிறீர்கள் என்றால் நடுவழி ஒன்று உண்டு. வி.எஸ். கோடில் விம் எக்ஸ்டென்ஷன், பைசார்மிலும் இன்டெல்லிஜேயிலும் ஐடியாவிம். பழைய இடத்திலேயே இருந்துகொண்டு விரல்களை மட்டும் பழக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் பிடித்தால் விம்மின் புதிய வடிவமான நியோவிம்முக்குப் போங்கள், பிடிக்காவிட்டால் ஒரு சொடுக்கில் அணைத்துவிடுங்கள்.

ஈமாக்ஸ் வேறு ரகம். அதில் மெனு இருக்கிறது, மவுஸ் வேலை செய்யும், திறந்ததும் அடித்தால் எழுத்து விழும். அந்த அளவில் விம்மைவிடப் பயமில்லை. ஆனால் சேமிக்க கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் எஸ்; வெளியேற கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் சி; எதில் மாட்டினாலும் கண்ட்ரோல் ஜி. கண்ட்ரோல் எச் அழுத்தி டி (t) அடித்தால் பாடம் வரும். இடது சுண்டுவிரல் வலிக்கத் தொடங்கும். முதல் நாளே கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிவிடுங்கள். ஈமாக்ஸுக்குப் போக நல்ல காரணங்கள் என்று நான் நினைப்பவை இரண்டு: குறிப்பெடுக்கவும் திட்டமிடவும் ஆர்க் மோட், கிட்டுக்கு மாகிட். இவை இரண்டுக்காகவே அங்கே தங்கிவிட்டவர்கள் உண்டு. 29-ஆம் பதிப்பிலிருந்து எக்லாட் (நிரல் பரிந்துரை தரும் மொழிச் சர்வரோடு ஈமாக்ஸை இணைக்கும் பொதி) உள்ளேயே வருவதால், பைத்தானுக்கான மொழிச் சர்வரை நிறுவிவிட்டால் நிரல் பரிந்துரைகள் கிடைக்கும். முன்பு இதற்கே ஒரு வார இறுதி போகும்.

இரண்டுக்கும் பொதுவான பொறி, கான்ஃபிக் கோப்பு. இணையத்தில் யாரோ எழுதிய ஐந்நூறு வரியை அப்படியே ஒட்டாதீர்கள். ஏதாவது உடைந்தால் எந்த வரி உடைத்தது என்று தெரியாது. உங்களுக்குப் புரிந்த வரியை மட்டும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். வண்ணத் தீம் மாற்றுவதிலேயே ஞாயிற்றுக்கிழமை போய்விட்டால் அது படிப்புக் கணக்கில் வராது.

7. தமிழ் உரையோடு வேலை செய்கிறவர்களுக்கு

வி.எஸ். கோடிலும் ஈமாக்ஸின் ஜன்னல் வடிவிலும் தமிழ் ஒழுங்காகத் தெரியும் (ஈமாக்ஸ் 27-ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறது). டெர்மினலில் ஓடும் விம்மில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்க வாய்ப்பு அதிகம். அது பெரும்பாலும் டெர்மினலின் குறை, விம்மைத் திட்டிப் பயனில்லை.

விசைப்பலகையைத் தமிழ்99-இல் வைத்துக்கொண்டு விம்மில் எஸ்கேப் அழுத்தினால் அடுத்த கட்டளை எதுவும் வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும். ஈமாக்ஸில் தமிழ் உள்ளீடு உள்ளேயே இருக்கிறது. கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டை அழுத்தி தமிழ் ஐட்ரான்ஸை (ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் முறை) தேர்ந்தால் எழுத்து தமிழில் விழும், கண்ட்ரோல் கட்டளைகள் பாதிக்கப்படாது. தமிழில் நிறைய எழுதுகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

விண்டோஸில் பைத்தானால் தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை பைத்தானின் லென் ஃபங்ஷனிடம் கேட்டால் 5 என்று சொல்லும், 3 அல்ல; மெய்ப்புள்ளியையும் இகரக் குறியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. எடிட்டரை மாற்றினால் இது சரியாகாது. எழுத்துக் கணக்கு வேண்டுமானால் ஓப்பன்-தமிழ் நூலகத்தைப் பாருங்கள்.

8. பணமும் உரிமமும்

தானி, ஐடில், புளூஜே, கோட் பிளாக்ஸ், வி.எஸ். கோட், விம், ஈமாக்ஸ் எதற்கும் காசு இல்லை. இவற்றை நிறுவித்தர யாராவது பணம் கேட்டால் அது அவர் கூலி, மென்பொருளின் விலை அல்ல. சப்ளைம் டெக்ஸ்டின் தனிநபர் உரிமம் 99 டாலர். வாங்காமலும் சோதனை அடிப்படையில் ஓட்டிப் பார்க்கலாம், அவ்வப்போது வாங்கச் சொல்லிக் கேட்கும்.

ஜெட்பிரெயின்ஸின் ஐடிஇக்கள் மாணவர்களுக்கு இலவசம். கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இல்லாவிட்டால் செல்லுபடியாகும் மாணவர் அடையாள அட்டை போன்ற ஆவணத்தைப் பதிவேற்ற வேண்டும், சரிபார்க்கச் சில நாள் பிடிக்கலாம். அந்த உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது, கற்பதற்கு மட்டுமானது. சம்பள வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. படிப்பு முடிந்தவர்களுக்குப் பைசார்மின் அடிப்படை வசதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அதுவே போதும். பென் டிரைவில் சுற்றும் உடைத்த பதிப்பு பக்கம் மட்டும் போகாதீர்கள். என் பயிற்சி மையத்திலும் ஒன்று சுற்றியது. போட்டவர்களின் லேப்டாப்பில் வைரஸ் எடுப்பதற்கே ஒரு வாரம் ஆனது.

வேலைக்குச் சேர்ந்ததும் கதை மாறும். வீட்டில் இலவசமாக இருந்தது ஆபீஸில் இலவசமாக இருக்காது. பைத்தானும் டேட்டா நூலகங்களும் சேர்ந்து வரும் அனகோண்டாவை 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் பயன்படுத்தக் கட்டண உரிமம் வேண்டும். விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டிக்கும் பெரிய நிறுவனங்களில் கட்டுப்பாடு உண்டு. வி.எஸ். கோடின் யூசர் இன்ஸ்டாலர் அட்மின் கடவுச்சொல் கேட்காமலே ஏறிவிடும். ஏறுகிறது என்பதற்காக ஏற்றாதீர்கள். முதல் வாரத்திலேயே ஐ.டி. பிரிவிடம் அனுமதிக்கப்பட்ட மென்பொருள் பட்டியலைக் கேளுங்கள், பட்டியலில் இல்லாததற்கு டிக்கெட் போடுங்கள், வந்த ஒப்புதல் மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். எக்ஸ்டென்ஷன்களுக்கும், நிரலை வெளியே அனுப்பும் ஏ.ஐ. கருவிகளுக்கும் தனியாக அனுமதி தேவைப்படலாம்.

9. எவ்வளவு நாள், எந்த நேரம்

வகுப்பு, பயணம், சாப்பாடு போக உங்களுக்குக் கிடைப்பது இரவில் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கைந்து வாரம் அந்த நேரம் முழுவதும் தானியில் நிரலுக்கு. அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இருபது நிமிடம் விம்டியூட்டருக்கு ஒதுக்குங்கள். இரண்டாம் மாதக் கடைசியில் வி.எஸ். கோடும் கிட்டும். ஒரு சிறு புராஜெக்டையாவது முடித்து கிட்ஹப்பில் போட்ட பின் ஈமாக்ஸோ நியோவிம்மோ யோசிக்கலாம். வேலை தேடும் மும்முரத்தில், நேர்காணலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எடிட்டர் மாற்றவே வேண்டாம்.

நேர்காணல் பற்றி ஒன்று. முதல் சுற்று பெரும்பாலும் பிரவுசரில் நடக்கும் கோடிங் தேர்வு. அங்கே உங்கள் தீமும் இருக்காது, பிளகினும் இருக்காது. சில இடங்களில் வெறும் கூகுள் டாக்கைத் திறந்து எழுதச் சொல்வார்கள். அதனால் தேர்வுக்கு முந்தைய வாரம் தினமும் ஒரு கணக்கையாவது தானாக நிரப்பும் வசதி எதுவும் இல்லாத எடிட்டரில் போடுங்கள்; நோட்பேடே போதும். அடைப்புக்குறி மூடுவதும், பைத்தானில் உள்தள்ளலைச் சரியாக வைப்பதும் அப்போதுதான் கைக்கு வரும். தேர்வுத் தளத்தில் மாதிரித் தேர்வு இருந்தால் அதே லேப்டாப்பில், அதே பிரவுசரில் ஒரு முறை எழுதிப் பாருங்கள். கேமராவும் மைக்கும் அனுமதி கேட்கும், சில தளங்கள் வேறு டேபுக்குப் போனாலே பதிவு செய்துகொள்ளும். பி.ஜி. வைஃபையை நம்பாமல் மொபைலில் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்து, லேப்டாப்பை முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு உட்காருங்கள்.